முக்கால் நாற்காலி

முனீஸ்வரன் கோயில் தெருவில்
ஒடிந்த நாற்காலி கேட்டு அலைந்தோம்.
நல்லதுதான் இருக்கு என்றார்கள் கடைக்குக் கடை.
பர்மாத் தேக்கு, பிரம்புப் பின்னல்,
ஒரே ஒரு தடவை மாப்பிள்ளை உட்கார்ந்தது.
எங்களுக்கு வேண்டியதோ
உட்கார்ந்தவனைக் கீழே தள்ளுவது.

சிக்கந்தர் பாய் மட்டும் கண்ணாடியைக் கழற்றி
"என்ன தொழில் பாக்குறீங்க?" என்றார்.
விழுறது, என்றான் வெள்ளைக்கண்ணு.
விழுந்தும் காட்டினான்,
எனாமல் தூக்கு, கதவு நிலை, பெல்ஜியம் கண்ணாடி
எதிலும் படாமல்
இரண்டு பீரோவுக்கு நடுவே
மூன்று தவணையாக.
பாய் சிரிக்கவில்லை.
தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பரணிலிருந்து ஒன்று இறங்கியது.
வலது பின்னங்கால் கழுந்து இற்று
பொய்ப்பல் போல
மாட்டினால் நிற்கும், தட்டினால் கழலும்.
எழுநூறு என்றார்.
உடைஞ்சதுக்கா எழுநூறு, என்றேன்.
உடைஞ்சதைத்தானேம்மா தேடி வந்தே?
அறுநூறில் படிந்தது.
திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.
ஏன் திங்கட்கிழமை என்று
மூன்று பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் நாடகத்தில் பேச்சு கிடையாது.
கடன் வசூலிக்க ஒருவன் வருகிறான்,
வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி.
அவன் உட்கார, கால் கழல,
விழுவான், எழுவான், மறுபடி உட்காருவான்.
மொத்தம் ஏழு.
வட்டி இரண்டு விழுக்காடு,
வெள்ளைக்கண்ணு ஏழு விழுக்காடு
என்பார் சூசைமாணிக்கம்.
ஒவ்வொன்றுக்கும் டிரம்மில் ஒரு அடி, அது அவர் வேலை.
கடன்காரன் பெண்டாட்டி நான்.
காலை எடுத்து மாட்டிவிட்டு
ஒன்றும் நடக்காத மாதிரி காப்பி கொடுப்பேன்.

பள்ளத்தூரில் ஒரு மணிவிழா வீடு.
வளவு முழுக்கச் சனம்,
வட்டிக் கணக்கு விரல்நுனியில் தெரிந்த சனம்.
கடையிலிருந்து நாற்காலி நேராக டெம்போவில் வந்து
நேராக வெளிச்சத்துக்குப் போனது.
வெள்ளைக்கண்ணு வேட்டியைத் தூக்கி உட்கார்ந்தான்.
சூசை குச்சியை ஓங்கினார்.

குச்சி ஓங்கியபடியே நின்றது.

வெள்ளைக்கண்ணு லேசாக அசைந்தான்.
குதித்து உட்கார்ந்தான்.
இறங்கி, குனிந்து, அந்தக் காலைப் பார்த்தான்.
புதுக் கால்.
மர ஆணி அடித்து, வார்னிஷ் பூசி,
மற்ற மூன்றையும்விட உறுதியாக.
சோதித்துப் பார்க்காத எங்களை
அது நாலு காலில் நின்று பார்த்தது.

அவன் அதைக் கெஞ்சினான்.
காதில் ஏதோ சொன்னான்.
கிச்சுகிச்சு மூட்டினான், மேலே ஏறி மிதித்தான்.
பிறகு என்னைப் பார்த்தான்.
எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை,
போய் அவன் மடியில் உட்கார்ந்தேன்.
தாங்கியது.
சூசை டிரம்மை விட்டு இறங்கி வந்து
என் மடியில் டிரம்மையும்
டிரம் மேல் தன்னையும் வைத்தார்.
தாங்கியது.
அப்போதுதான் கடைசி வரிசைக்கு அப்பால்
பந்திக்குப் போன ஆள் ஒருவர்
சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.
அங்கிருந்து வளவு முழுக்கப் பற்றிக்கொண்டது.

மூன்றாம் வரிசையில் பாய்.
அவர் மட்டும் சிரிக்கவில்லை.
முடிந்ததும் வந்து அந்தக் காலைத் தட்டிப் பார்த்தார்.
"மூணு பேர் ஏறியும் அசங்கலை, பாத்தீங்களா.
உடைஞ்சதை வித்தான்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது.
ஆசாரி கூலி நூத்தம்பது."
கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் நாடகத்தில் நாற்காலி உடைவதில்லை.
வசூலுக்கு வந்தவன் உட்காருகிறான்,
எழுந்து போவதில்லை.
கடன் வாங்கியவர்கள் இதற்குத்தான் அதிகம் சிரிக்கிறார்கள்.

அன்றிரவு திரும்பும்போது
டெம்போவின் பின்னால் அதே நாற்காலியில்
வெள்ளைக்கண்ணு தூங்கிவிட்டான்.
கோட்டையூர் வேகத்தடை.
இருட்டில் பொத்தென்று ஒரு சத்தம்.
சூசை கண்ணைத் திறக்காமல்
கையால் டிரம்மைத் தட்டினார்.

ஒண்ணு, என்றார்.